காணாத நீருக்கு வகுத்த எல்லை: பாரசீகக் கனாத்துகளும் நிலத்தடி நீர்ச் சட்டமும்

நிலத்தின்மேல் ஓடும் நீரைப் பங்கிட்டுக்கொள்வதற்கும் நிலத்துக்குள் மறைந்து கிடக்கும் நீரைப் பங்கிட்டுக்கொள்வதற்கும் உள்ள வேற்றுமை மிகப் பெரிது. ஆற்றிலே மேல்மடைக்காரர் நீரை மறித்தால் கீழ்மடைக்காரர் அதைக் கண்ணாரக் காண்கிறார், ஊரைக் கூட்டுகிறார், வழக்குத் தொடுக்கிறார். ஆனால் ஒருவர் தம் நிலத்தில் தோண்டிய கிணறு, அரைக்கல் தொலைவிலுள்ள மற்றொருவருடைய கிணற்றை வற்றச் செய்தால், அதற்குச் சாட்சி சொல்ல எவராலும் இயலாது. மழை பொய்த்ததனால் வற்றியதா, ஊற்றுக்கண் தூர்ந்ததனால் வற்றியதா, அயலார் இறைத்ததனால் வற்றியதா என்று பிரித்தறியும் வழி பழங்காலத்து நீதிபதிகளுக்கு இருந்ததில்லை. கண்ணுக்குப் புலனாகாத பொருளின்மீது மாந்தர்க்குள்ள உரிமையை எவ்வாறு நிர்ணயிப்பது என்ற இந்த வினாவுக்கு உலக சரித்திரத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகள் தோன்றின. அவற்றுள் ஒன்று ஈரானியப் பீடபூமியில் கனாத்து என்னும் நிலத்தடிக் கால்வாயோடு கூடவே வளர்ந்தது. மற்றொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் உருவாகி, நம் சென்னை மாகாணத்துச் சட்டப் புத்தகத்திலும் இடம்பெற்றது. முன்னதன் வரலாற்றை ஆராய்வதும், அது சிதைந்ததற்குரிய காரணத்தைத் தெளிவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

அல்புர்ஸ், சாக்ரோஸ் என்னும் இரு மலைத்தொடர்களும் கடலிலிருந்து வரும் மேகங்களைத் தடுத்து நிறுத்திவிடுவதனால், அவற்றுக்கு உட்பட்ட ஈரானின் நடுப்பிரதேசம் மழைக்கு ஏங்கும் வறண்ட பூமியாயிற்று. யஸ்த் நகரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் மலைச் சிகரங்களில் குளிர்காலத்தில் உறையும் பனி, வேனிலில் உருகி இறங்கி, அடிவாரத்தில் விசிறிபோல் பரந்து கிடக்கும் சரளைப் படுகைகளுக்குள் புகுந்து மறைகிறது. இவ்வாறு மறைந்த நீரைத் தேடிச் செல்வதற்கென்று அந்நாட்டார் கண்ட உபாயமே கனாத்து.

முதலில் மலையடிவாரத்தை ஒட்டி, ஈரத்தின் அடையாளங்களையும் செடிகொடிகளின் குறிகளையும் நோக்கி ஒரு கிணறு தோண்டப்படும். நீர் தட்டுப்பட்டு, அது வற்றாத நீர்தான் என்ற நம்பிக்கையும் ஏற்பட்டால், அதுவே தாய்க்கிணறு ஆகும். பின்னர் அக்கிணற்று நீரின் மட்டத்திலிருந்து மெல்லச் சரிந்து வரும் ஒரு கோடு, பள்ளத்திலுள்ள ஊருக்கு அருகே எவ்விடத்தில் நிலத்தின் மேற்பரப்பைத் தொடும் என்று மட்டக்கோலாலும் கயிற்றாலும் கணக்கிடுவார்கள். தொட்ட இடமே கனாத்தின் வாய். அங்கிருந்து தொடங்கி, ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு ஒரு சுரங்கத்தை மலையை நோக்கிப் பின்புறமாகத் தோண்டிச் செல்வார்கள். வழிநெடுகச் சிறுசிறு தொலைவில் மேலிருந்து செங்குத்தான குழிகளை இறக்கி, அவற்றின் வழியே மண்ணை இராட்டினத்தால் வெளியேற்றி, காற்றை உள்ளே விடுவார்கள். சுரங்கத்தின் சரிவு அதிகமானால் நீரின் வேகம் தரையை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். ஆகவே பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமையும் அந்த நுண்ணிய சரிவை, எண்ணெய் விளக்கின் ஒளியில், மண்ணுக்கடியில், பல கல் தொலைவுக்குப் பிசகாமல் காத்துச் சென்ற முகன்னி என்னும் சுரங்கத் தொழிலாளருடைய திறமையை எவ்வளவு போற்றினாலும் தகும். கோனாபாத் நகரத்துக் கஸபே கனாத்தின் நீளம் 33 கிலோமீட்டர். அதன் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் மேல் ஆழமுடையது. மண் சரிந்தும் நச்சுக்காற்றால் மூச்சு முட்டியும் மாண்ட முகன்னிகளின் தொகையை எவரும் எழுதி வைக்கவில்லை. கனாத்தைக் கொலைகாரன் என்று அவர்களே அழைத்தார்கள் என்பதிலிருந்து நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த அமைப்பில் இயல்பாகவே பொதிந்துள்ள ஒரு குணத்தை இங்கே கவனிக்க வேண்டும். கனாத்தில் நீரை இறைப்பதற்கு விசை எதுவும் இல்லை. பூமியின் ஈர்ப்பே அதைக் கொண்டு வருகிறது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தால் கனாத்தின் ஒழுக்கு மிகும். மட்டம் தாழ்ந்தால் ஒழுக்கும் குறையும். மட்டம் சுரங்கத்தின் தரைக்குக் கீழே இறங்கினால் ஒழுக்கு நின்றுபோகும். எனவே, பயன்படுத்துவோர் எவ்வளவுதான் ஆசைப்பட்டாலும், மண் தருவதற்கு மேல் ஒரு குடம் நீரையும் அவர்களால் அதனின்று பெற இயலாது. பயிர் இல்லாத குளிர்காலத்திலும் இரவும் பகலும் நீர் ஓடிக்கொண்டே இருப்பது வீண் என்று இருபதாம் நூற்றாண்டின் பொறியியலாளர் பலர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் அடக்க முடியாத அந்த ஒழுக்கும் மீற முடியாத அந்த வரம்பும் ஒரே குணத்தின் இரு விளைவுகள் என்பதை அவர்கள் போதிய அளவு சிந்தித்ததாகத் தோன்றவில்லை.

கனாத்தின் பிறப்பிடம் எது என்பது பற்றி அறிஞர்களிடையே நெடுங்கால விவாதம் உண்டு. கி.மு. 714இல் அசீரியப் பேரரசன் இரண்டாம் சார்கோன் உரார்ட்டு நாட்டின்மீது படையெடுத்தபோது, உல்ஹு என்ற ஊரின் செழுமையையும் அதன் நீர்ப்பாசனத்தையும் கண்டு வியந்து எழுதுவித்த களிமண் சாசனம் ஒன்று கிடைத்திருக்கிறது. யோர்கன் லெஸ்ஸோ 1951இல் அச்சாசனத்தின் சிதைந்த வரிகளில் கனாத்தைக் கண்டார். பிற்காலத்தில் உரார்ட்டு ஆராய்ச்சியில் வல்லவரான மிர்யோ சால்வீனி, அவ்வரிகள் திறந்த கால்வாயையே குறிக்கின்றன என்று மறுத்தார். ஆன்ரி கொப்லோ 1979இல் வெளியிட்ட பெருநூலில், சுரங்கம் வெட்டி உலோகம் எடுத்தவர்கள் நீரை வெளியேற்றுவதற்காகத் தோண்டிய வழிகளே கனாத்துகளுக்கு மூலம் என்று வாதித்தார். அரேபியத் தீபகற்பத்தில் அல்-ஐன் பகுதியை அகழ்ந்த வாலித் யாசின் அல்-திக்ரீதி, கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் தொடக்கத்திலேயே அங்கு நிலத்தடிக் கால்வாய்கள் இருந்தமையைக் காட்டி, பாரசீகமே தாயகம் என்ற கொள்கையை அசைத்தார். ஆழமற்ற ஈரத்தைத் திரட்டும் சிறு சுரங்கத்தையும், ஆழ்ந்த நீரைத் தாய்க்கிணற்றினின்று கொணரும் உண்மையான கனாத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்று ரெமி பூஷார்லா செய்த எச்சரிக்கையே இவ்விவாதத்தில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. ஏனெனில் வடிவம் ஒத்திருப்பதைக் கொண்டு வம்சாவளி எழுதிவிடும் பழக்கம் நீர்ப்பாசன சரித்திரத்தில் நிறையவே இருக்கிறது.

பிறப்பைப் பற்றிய ஐயம் எவ்வாறாயினும், உரிமையைப் பற்றிய முதற்சான்று தெளிவாகவே உள்ளது. கிரேக்க சரித்திராசிரியர் பொலிபியஸ், கி.மு. 209ஐ ஒட்டி மூன்றாம் அந்தியோகஸ் பார்த்தியரை எதிர்த்து நடத்திய படையெடுப்பை வருணிக்கும்போது, பாலைவழியின் நீருக்கு ஆதாரமாக விளங்கிய நிலத்தடிக் கால்வாய்களைக் குறிப்பிட்டு, பாரசீகர் ஆசியாவை ஆண்ட காலத்தில், முன்பு நீர் பாயாத நிலத்துக்கு நீர் கொணர்ந்தவர்களுக்கு ஐந்து தலைமுறை வரை அந்நிலத்தை அனுபவிக்கும் பாத்தியதை அளிக்கப்பட்டது என்று கூறுகிறார். மக்கள் அதனால் ஊக்கம் கொண்டு பெரும் பொருளையும் உழைப்பையும் செலவிட்டு நெடுந்தூரத்திலிருந்து நீரைக் கொணர்ந்தனர் என்றும், தம் காலத்தில் அந்நீரைப் பயன்படுத்துவோர்க்கே அக்கால்வாய்கள் எங்கே தொடங்குகின்றன என்பது தெரியாது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். பகைவனுக்கு நீர் கிட்டாதபடி அக்கிணறுகளைத் தூர்க்கப் பார்த்தியர் முயன்றனர். அதைத் தடுக்கக் குதிரைப்படை அனுப்பப்பட்டது. மறைந்திருக்கும் நீர் எவ்வளவு எளிதில் அழிக்கப்படக்கூடியது என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பாரசீக ஆட்சிக்குட்பட்ட எகிப்தில், கார்கா பாலைச்சோலைக்குத் தெற்கே ஐன் மனாவிர் என்னுமிடத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர் கண்டெடுத்த மண்ணோட்டுச் சாசனங்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நிலத்தடிக் கால்வாயின் நீர் அங்கே நாள் கணக்கில் பங்கிடப்பட்டு, அந்நாட்பங்கு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறியதை அவை காட்டுகின்றன. நீரைக் கொள்ளளவால் அளக்காமல் காலத்தால் அளக்கும் இம்முறை, பின்னர் கனாத்து சென்ற தேசமெங்கும் அதனோடு சென்றது. யஸ்த் பகுதியில், அடியில் நுண்ணிய துளையுள்ள ஒரு செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் கால அளவை ஒரு பங்காகக் கொண்டு, மீராப் எனப்படும் நீர் அதிகாரி இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருப்பார். ஓமானில் பகலில் நிழற்கோலும் இரவில் நட்சத்திரங்களும் அப்பணியைச் செய்தன. அரை மணி நேரம் பாயும் நீர் ஓர் அதர் எனப்பட்டது. அல்ஜீரியாவின் அத்ரார் வட்டாரத்தில் மட்டும், கால அளவுக்குப் பதிலாக, சீப்பின் பற்களைப்போல் இடைவெளிகள் விட்ட கல்லின் வழியே நீரைப் பிரித்து அனுப்பும் முறை நிலைத்தது. அதை அளந்து கணக்கிடுவதற்கென்றே ஒரு வகுப்பார் இன்றளவும் உள்ளனர்.

இனி, இக்கட்டுரையின் மையமான காப்பெல்லைக்கு வருவோம். ஒரு கிணற்றையோ கனாத்தையோ சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறெவரும் தோண்டலாகாது என்று விதிக்கப்பட்ட நிலப்பரப்பை ஹரீம் என்று இஸ்லாமியச் சட்டம் வழங்குகிறது. ஹாரூன் அல்-ரஷீதின் தலைமை நீதிபதியாக இருந்த அபூ யூஸுப், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய வரிவிதிப்பு நூலிலேயே இதனைப் பற்றிப் பேசுகிறார். கால்நடைக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு 40 முழம், ஊற்றுக்கு 500 முழம் என்ற அளவுகள் அக்காலத்துச் சட்ட மரபில் வழங்கின. ஆனால் இவை அரேபிய நாட்டுக் கிணற்றையும் ஊற்றையும் கருதி எழுந்த விதிகள். பல கல் தொலைவுக்கு நூற்றுக்கணக்கான குழிகளோடு நீளும் ஒரு கால்வாய், கிணறா, ஊற்றா, ஆறா? இக்கேள்வி குராசான் மாகாணத்தில் ஓயாத வழக்குகளை எழுப்பிற்று. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மாகாணத்தை ஆண்ட அப்துல்லா இப்னு தாஹிரிடம் நிஷாபூர் மக்களும் பிறரும் இத்தகைய வழக்குகளைத் தொடர்ந்து கொண்டு வந்ததாகவும், சட்ட நூல்களில் கனாத்தைப் பற்றி ஒன்றும் காணாமையால் அவர் குராசானத்துச் சட்ட வல்லுநரனைவரையும் ஈராக்கிலிருந்து சிலரையும் ஒருங்கு கூட்டிக் கனாத்துகளுக்கென்றே ஒரு நூல் செய்வித்ததாகவும் பதினோராம் நூற்றாண்டு சரித்திராசிரியர் கர்தீஸி எழுதியுள்ளார். தம் காலத்திலும் அந்நூலின்படியே தீர்ப்பளிக்கப்பட்டது என்பது அவர் வாக்கு. நூல் இன்று மறைந்துவிட்டது. இருநூறாண்டுக் காலம் ஒரு பெரும்பிரதேசத்தின் நீர்வழக்குகளைத் தீர்த்து வைத்த அந்தக் கிரந்தம் கிடைக்குமாயின், நிலத்தடி நீரைப் பற்றிய சட்ட சரித்திரத்தை நாம் புதிதாகவே எழுத வேண்டியிருக்கும்.

மறைந்த அந்நூலின் இடத்தை நமக்கு ஓரளவு நிரப்புவது, அல்ஜீப்ராக் கணிதத்தில் பெரும்புகழ் பெற்ற அல்-கராஜி 1017ஐ ஒட்டி இயற்றிய, மறைநீரை வெளிக்கொணரும் சாஸ்திரத்தைப் பற்றிய அரபு நூல். நம் நாட்டு ஹைதராபாத்தில் 1940இல் அது அச்சேறியது. நீர் இருக்குமிடத்தின் குறிகள், மட்டம் பார்க்கும் கருவிகள், சுரங்கத்தைத் தாங்கும் முறை ஆகியவற்றோடு காப்பெல்லையையும் அவர் ஆராய்கிறார். கணித விற்பன்னர் ஒருவர் சட்டத்தைத் தம் நூலுக்குப் புறம்பென்று தள்ளாமல், மட்டக்கோலையும் நீதிபதியின் தீர்ப்பையும் ஒரே தொழிலின் இரு கருவிகளாகக் கருதியது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ஊறும் இடம் தெரியாது; ஊறும் அளவும் தெரியாது; ஆகவே அயலாருக்குத் தீங்கு நேராதென்று உறுதிகொள்ளும் அளவுக்கு விலகி நில் என்பதே இம்மரபு முழுவதற்கும் அடிப்படையான சிந்தனை. அறியாமையை ஒப்புக்கொண்டு, அந்த அறியாமைக்கென்றே நிலத்தில் ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

கனாத்து பரவிய கதை விரிவானது. இங்கே அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேற்கே மராகேஷின் சமவெளி, அல்ஜீரியப் பாலைச்சோலைகள், மத்ரீது நகரம், அங்கிருந்து ஸ்பானியரோடு மெக்சிகோவின் தெஹுவாகான் பள்ளத்தாக்கு; கிழக்கே ஆப்கானிஸ்தானம், பலூசிஸ்தானம், சீனத்துத் துர்பான் என்று அது வேரூன்றியது. தக்காணத்தில் பாமினி அரசர்களின் பீதரிலும், ஜஹாங்கீர் காலத்தில் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் ஆதரவில் புர்ஹான்பூரிலும் அத்தகைய சுரங்கங்கள் தோண்டப்பட்டன. புர்ஹான்பூரில் அந்நீரின் ஒரு பகுதி இன்றும் பயன்படுகிறது.

காணாத நீரின் உரிமை பற்றிய அதே வினாவுக்கு இங்கிலாந்து அளித்த விடையை இப்போது ஒப்புநோக்கலாம். லங்காஷயரில் ஒரு பஞ்சாலைக்காரருடைய கிணறு, அருகே வெட்டப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களால் வற்றிற்று. ஆக்டன் எதிர் பிளண்டல் என்ற அவ்வழக்கில் 1843இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், நிலத்தடி நீரின் போக்கு எவருக்கும் தெரியாததாகையால் ஆற்றுநீருக்குரிய விதிகளை அதற்குப் பொருத்த இயலாது என்றும், தன் நிலத்துக்குள் தோண்டி எடுப்பது நிலவுடைமையாளரின் இஷ்டம் என்றும், அதனால் அயலார் கிணறு வற்றினாலும் அதற்குப் பரிகாரம் இல்லை என்றும் முடிவு செய்தனர். கிராய்டன் நகரசபை தோண்டிய கிணறு வாண்டில் ஆற்றுக்குச் சேரவேண்டிய ஊற்றை இடைமறித்து, ஆற்றங்கரை ஆலைக்காரருக்கு நஷ்டம் விளைவித்தபோது, 1859இல் பிரபுக்கள் சபையும் அதே வழியில் சென்றது. நீரைக் காண இயலாது என்ற ஒரே உண்மையிலிருந்து, குராசானத்து வல்லுநர்கள் விலகி நிற்கும் கடமையையும், ஆங்கிலேய நீதிபதிகள் தோண்டும் சுதந்திரத்தையும் பெற்றனர். முந்தியவர்கள் உழவரையும் ஊரையும் கண்முன் வைத்துச் சிந்தித்தார்கள் என்றும், பிந்தியவர்கள் பெருகிவரும் சுரங்கத் தொழிலுக்கும் நகரத்துக்கும் இடையூறு நேராதிருக்க விழைந்தார்கள் என்றும் கொள்வது தவறாகாது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரை நிலவுடைமையாளர் தம் எல்லைக்குள் திரட்டிப் பயன்படுத்தும் உரிமையை ஏட்டில் ஏற்றியது. அச்சட்டம் முதன்முதலில் அமலுக்கு வந்த பிரதேசங்களுள் சென்னை மாகாணமும் ஒன்று. நம் கிணறுகளின் விதி இவ்வாறு லங்காஷயரின் நிலக்கரிச் சுரங்கத்தோடு பிணைக்கப்பட்டது.

ஈரானில் பழைய விடை இருபதாம் நூற்றாண்டிலும் அழியாமல் புதிய வடிவம் பெற்றது. 1928இல் வெளியான ஈரானிய உரிமையியல் சட்டத் தொகுப்பு, குடிநீர்க் கிணற்றுக்கு 20 கஸ், பாசனக் கிணற்றுக்கு 30 கஸ், ஊற்றுக்கும் கனாத்துக்கும் இளகிய மண்ணில் 500 கஸ், இறுகிய மண்ணில் 250 கஸ் என்று காப்பெல்லையை நிர்ணயித்தது. ஒரு கஸ் ஏறத்தாழ ஒரு மீட்டர். மண்ணின் இயல்புக்கேற்ப எல்லை மாறுவது நுட்பமான அறிவு. நீர் இளகிய மண்ணில் எளிதாகவும் இறுகிய மண்ணில் அரிதாகவும் ஊடுருவும் என்பதை அது கணக்கில் கொள்கிறது. அதைவிட நுட்பமானது அவ்விதியின் பின்பகுதி. இந்த அளவுகள் தீங்கைத் தடுக்கப் போதாவிட்டால், போதும் அளவுக்கு எல்லையை விரிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. எண்ணைவிடத் தீங்கின்மையே தலைமையானது என்று சட்டம் தானே பிரகடனம் செய்தது.

எனினும், நீதிமன்றங்களின் நினைவில் எண்ணே நின்றது. மண்வெட்டியாலும் இராட்டினத்தாலும் தோண்டப்பட்ட கிணற்றுக்கு 500 கஸ் தாராளமான தொலைவு. மாடு கட்டி இறைக்கும் கிணறு சுற்றிலுமுள்ள நீர்மட்டத்தைச் சிறிதளவே தாழ்த்தும். 1950களுக்குப் பிறகு டீசல் எந்திரத்தாலும் பின்னர் மின்சாரத்தாலும் இயங்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபோது நிலைமை முற்றிலும் மாறியது. அத்தகைய கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழ்ந்து, அத்தாழ்வு பழைய காப்பெல்லைக்கு அப்பாலும் நெடுந்தூரம் பரவும். பல கிணறுகள் நெருங்கி அமைந்தால் கூம்புகள் ஒன்றோடொன்று இணைந்து சமவெளி முழுவதன் நீர்மட்டமும் இறங்கும். சட்டம் விதித்த தொலைவை ஒரு கஸ்கூடக் குறைக்காமலேயே ஒருவர் தம் ஊரின் கனாத்தை உலர்த்திவிட முடிந்தது. கருவியின் ஆற்றல் பன்மடங்கு பெருகியபோது எல்லையின் அளவு மட்டும் பழையபடி நின்றதே கனாத்துகளின் வீழ்ச்சிக்கு மூலகாரணம் என்று கருதுகிறேன். 1968இல் ஹான்ஸ் வுல்ப் எழுதிய கட்டுரை அப்போதும் ஈரானில் சுமார் 22,000 கனாத்துகள் இருந்ததாகக் கணக்கிட்டது. நாட்டில் பயன்பட்ட நீரின் பெரும்பகுதியை அவையே அளித்தன. அவ்வாண்டிலேயே அந்நாட்டில் நீர் தேசிய உடைமையாக்கப்பட்டது.

வேறொரு காரணத்தையும் மறைக்கலாகாது. 1962இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தம் பெருநிலக்கிழார்களின் ஆதிக்கத்தைத் தளர்த்தியது. அது நியாயமான செயல். ஆனால் ஆண்டுதோறும் முகன்னிகளை அமர்த்திச் சுரங்கத்தின் வண்டலை அகற்றும் செலவை அதுவரை ஏற்றிருந்தவர்கள் அந்நிலக்கிழார்களே. நிலம் பல கைகளுக்குப் பிரிந்தபோது அச்செலவை ஏற்கும் பொதுவமைப்பு ஒன்று அதனோடு கூடவே உருவாக்கப்படவில்லை. கனாத்து பழைய சமூகத்தின் பொற்காலச் சின்னம் என்று புகழ்வோர், உழவருக்குக் கிட்டிய பங்கு எவ்வளவு சிறிது என்பதை மறந்துவிடுகின்றனர். அது பழைமையின் எச்சம் என்று இகழ்ந்தவர்களோ, கிழாரை நீக்கிய பின் சுரங்கத்தைத் துப்புரவு செய்பவர் யார் என்று கேட்க மறந்தார்கள். பலூசிஸ்தானத்தில் குறைந்த கட்டண மின்சாரமே, அங்கே காரேஸ் எனப்படும் கனாத்துகளை வற்றச் செய்தது. பிஸ்தாத் தோட்டங்கள் நிறைந்த ரப்சஞ்சான் சமவெளியிலும், தெஹ்ரானின் தென்மேற்குச் சமவெளியிலும் அளவுக்கு மீறி நீர் இறைத்ததனால் நிலமே அமிழ்ந்து வருகிறது. அவ்வாறு இறுகிய மண்ணடுக்கு மீண்டும் பழைய அளவு நீரைத் தாங்குவதில்லை.

மறுபக்கம், மதிப்பு திரும்பியதற்கும் சான்றுகள் உள்ளன. யஸ்தில் கனாத்துகளுக்கென ஒரு சர்வதேச ஆராய்ச்சி மையம் 2005 முதல் இயங்குகிறது. ஓமானின் ஐந்து நீர்க்கால்வாய்கள் 2006இலும், ஈரானின் பதினொரு கனாத்துகள் 2016இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அத்ராரின் நீர் அளவையாளர்களின் கலை 2018இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியல்களைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஓமான் அரசு செய்த காரியம். தாய்க்கிணற்றைச் சுற்றிப் பழைய முழக்கணக்கை விட்டுச் சில கிலோமீட்டர் தொலைவுக்குப் புதிய கிணறுகளைத் தடை செய்ததன் மூலம், காப்பெல்லையை எந்திரத்தின் ஆற்றலுக்கு ஏற்ப அது விரித்தது. அந்நாட்டில் ஏறத்தாழ 3,000 கால்வாய்கள் இன்றும் ஓடுகின்றன.

ஈரானில் 1983ஆம் ஆண்டின் நீர்ப்பங்கீட்டுச் சட்டம் ஒவ்வோரிடத்துக்கும் உரிய காப்பெல்லையை நிர்ணயிக்கும் பொறுப்பை அரசின் நிபுணர்களிடம் ஒப்படைத்தது. 1928ஆம் ஆண்டு விதியின் பின்பகுதியை நடைமுறைப்படுத்த அதைவிடத் தகுந்த ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரு கிணறு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதோடு எவ்வளவு நீரை எடுக்கிறது என்பதும் தெரிந்தாலன்றி நிபுணரால் எதையும் நிர்ணயிக்க இயலாது. அதற்கு ஒவ்வொரு கிணற்றிலும் அளவுமானி வேண்டும், அனுமதியின்றித் தோண்டப்பட்ட கிணறுகள் கணக்கில் வரவேண்டும், அக்கணக்கு அண்டை நிலத்தார் பார்க்கத்தக்க பொது ஏடாக இருக்கவேண்டும். யஸ்தின் மீராப் செப்புக் கிண்ணத்தை மூடிய அறைக்குள் வைத்து எண்ணியதில்லை. பங்காளிகள் அனைவரும் வந்து பார்க்கும் இடத்திலேயே வைத்து எண்ணினார்.